பத்து மடங்கு

"காருல எடம் கிடக்குல்லா அண்ணா, பின்ன எதுக்கு பைக்கு?" என்றாள் சஃப்னா.

"நீ முன்னால போ மோளே. நான் பின்னால வாறேன்" என்றார் குமாரதாஸ், தள்ளி நின்றபடியே.

கதிரியக்க அளவீட்டில் இரண்டு வருடமாக அவர்தான் அவளுக்கு உதவியாளர். நீண்ட விடுப்பு முடிந்து நேற்று திரும்பியதிலிருந்து ஆளே மாறிப்போயிருந்தார். அவள் நீட்டிய சாயாவைக்கூட வாங்கவில்லை. தன்னைப் பற்றி யாரோ எதையோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

இரணியலைத் தாண்டும்போது அலுவலகத்திலிருந்து பெனிஷ் அழைத்தான்.

"சஃப்னா, நேத்து எடுத்ததுல அந்தத் தென்னந்தோப்புல மட்டும் பத்து மடங்கு காட்டுது. பொதுத் தரவுத்தளத்துல இத ஏத்திட்டா பிரேசில், ஈரான்னு நம்ம ஊரு மாதிரி கதிரியக்க மண்ணு உள்ள எல்லா நாட்டுக்காரனும் இத வச்சுதான் கணக்குப் போடுவான். அங்க குடியிருக்கவங்க பயந்து ஓடிருவாங்க. நல்லா பாத்துச் சொல்லு."

ஆறு மாத வயிற்றோடு நேற்று அவளால் தோப்பு மேட்டில் ஏற முடியவில்லை. குமாரதாஸ்தான் தனியாகப் போய் அளந்து வந்தார். இன்று மூச்சு வாங்க அவளே ஏறி, மீட்டரை வைத்துப் பார்த்தாள். எல்லா ஊரிலும் இருக்கும் சாதாரண அளவுதான்.

"அண்ணா, நேத்து இங்கதான் அளந்தீங்களா?"

"இதே எடந்தான்" என்றார், தூரத்துத் தென்னையடியில் நின்று.

"பொய் சொல்லாதீங்க. வாயில வந்தத எழுதிட்டு வந்திருக்கீங்க. எனக்க கூட வேல செய்ய இஷ்டமில்லன்னா நேரா சொல்லுங்க!"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "மீட்டரக் கீழ வச்சிட்டு அந்தால போ மோளே. நான் அளந்து காட்டுதேன்."

அவள் விலகிப் போனாள். அவர் வந்து மீட்டரைக் கையில் எடுத்ததும் அது விடாமல் அலறியது. "பாத்தியா? நேத்தும் இப்படித்தான்!"

சஃப்னா திகைத்தாள். "அண்ணா, அதக் கீழ வச்சிட்டுத் தள்ளிப் போங்க."

அவர் விலக விலக, சத்தம் அடங்கியது.

"லீவுல எங்க போயிருந்தீங்க?"

"திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு. சொன்னா வேலையில இருந்து நிப்பாட்டிருவாவன்னு சொல்லல்ல." அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "தைராய்டுல கேன்சர் மோளே. கதிரியக்க மருந்து குடிக்கத் தந்தாவ. கொஞ்ச நாளைக்கு, வயித்துல பிள்ள இருக்கவங்க பக்கத்துலயே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு."