அரம் தின்ற எழுத்து

அறையில் மூன்று பேர்: தொல்லியல் துறையிலிருந்து வந்திருக்கும் பெண் அதிகாரி, முத்துராக்கு, அவள் புருஷன் களஞ்சியம். கடலோர ஊரான உச்சிப்புளியின் வெயில் சன்னல் வழியாக மேசைமேல் கிடக்கும் பொற்காசில் விழுகிறது. கடல்பாசி எடுக்கப் போன இடத்தில் முத்துராக்குக்குக் கிடைத்த காசு. அன்றைக்கு அதில் ஒரு ராசா முகமும் சுற்றிலும் எழுத்தும் இருந்தன. இப்போது கீறல் விழுந்து மொட்டையாகக் கிடக்கிறது. தாலிக்கொடியில் கோத்தால் யாரும் கேள்வி கேட்கக் கூடாதென்று களஞ்சியம் நேற்று அதை அரம் போட்டு ராவிவிட்டான். அவள் அதிகாரிக்குச் சொல்லி அனுப்பியிருந்தது அவனுக்குத் தெரியாது. அவன் ராவியது, சற்றுமுன் பெட்டியைத் திறக்கும்வரை அவளுக்குத் தெரியாது.

காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் வரைந்து வைத்திருந்த எழுத்துகளை அதிகாரி விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கிறாள். "விக்டோரியா. லத்தீன்ல வெற்றின்னு அர்த்தம். பைசாந்திய ராசாக்களோட காசும்மா, ஆயிரத்தைந்நூறு வருசம் இருக்கும். உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"நான் கைநாட்டுத்தேன். பாத்துப் பாத்து வரைஞ்சேன்."

"அப்ப காசுல இருந்ததை யாரு அழிச்சது?"

நான்தான் என்று ஒரு வார்த்தை போதும். களஞ்சியம் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான். சன்னல் கட்டையில் அரம் கிடக்கிறது. அதன் பல்லிடுக்கில் பொன்தூள் மின்னுகிறது. மூன்று பேரும் அதைப் பார்க்கிறார்கள்.

"நாந்தேன்," என்கிறாள் முத்துராக்கு. "புளி போட்டு விளக்குனேன்."

"புளிக்கா இவ்வளவு கீறல்?"

"அழுத்தித் தேச்சுட்டேன் போல."

அதிகாரி அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, காசை உறையிலிட்டு, ரசீது எழுதிக் கொடுத்துப் போகிறாள்.

"ஏ, முத்து..." என்கிறான் களஞ்சியம்.

அவள் அரத்தை எடுத்து அவன் முன்னால் வைக்கிறாள். காலண்டர் தாளை மடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கிறது.