பூ மாதிரி மட்டை

"இந்த மட்டை வேண்டாம் சார். ஆம்பளைங்க மட்டை கொடுங்க."

இந்தக் கோல்ஃப் கிளப்பில் இலவசமாக ஆடுகிற நான் எதையும் கேட்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். பயிற்சியாளர் பெலிக்ஸ் சார் சிரித்தார்.

"செகரெட்டரி மேடமே வாங்கிக் கொடுத்தது, செவ்வந்தி. பொண்ணுங்களுக்குன்னே செஞ்சது. பூ மாதிரி இருக்கும்."

ரோஸ் நிறத்தில் பூ மாதிரிதான் இருந்தது. நான் வேகமாக வீசினால் அதன் மெல்லிய தண்டு வளைந்து, பந்து இடப்பக்க மரங்களுக்குள் ஓடும். மட்டையை மாற்றவில்லை, என் வீச்சைக் குறைத்தார்கள். ஒரு வருடமாகப் பாதி வீச்சு. இப்போதெல்லாம் தோள் தானாகவே பாதியில் நின்றுவிடுகிறது. நாளை மாநில அணித் தேர்வு.

ஆண்களுக்கான வாடகைப் பையிலிருந்து தண்டு விறைத்த மட்டை ஒன்றை உருவி, தோள் வலிக்க முழுசாக வீசினேன். பந்து குழியில் நட்டிருந்த கொடிக்கு நேராகப் போய் விழுந்தது. பெலிக்ஸ் சார் பந்தைப் பார்க்கவில்லை. தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மேடத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு ரோஸ் மட்டைதான். போட்டோ எடுப்பாங்க. மெதுவா வீசும்மா."

"முடியாது."

"காலேஜ் படிச்ச திமிரு."

"ஆமா சார். எங்க வீட்டுக்கே முதல் திமிரு."

வாடகைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். கேட்டில் வாட்ச்மேன், "எங்கேம்மா இதைத் தூக்கிட்டு?" என்றார்.

"நாளைக்கு ஆட" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன்.