இடது ஓரம்

வேலாயுதப் பெருமாள் நீட்டிய அல்வாவை அவர் தொடவில்லை.

காரணமில்லாமல் பெருமாள் அல்வா வாங்கமாட்டார். அறக்கட்டளைக்குச் செயலாளரான நாளிலிருந்து டீக்குக்கூட அடுத்தவர் சட்டைப்பையைப் பார்க்கிற மனிதர்.

அவரது கணினித் திரையில் பேனர் தயாராக இருந்தது. அறக்கட்டளையின் இலவசக் கண் சிகிச்சை முகாம். பேனர் வடிவமைப்பு, ஓய்வுபெற்ற பிறகு அவர் கற்றுக்கொண்ட வேலை. சம்பளம் கிடையாது, அவசரம் மட்டும் உண்டு.

அச்சகம் மூடப்போகிற நேரம். பெருமாள் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார்.

வார்டு கவுன்சிலர்.

மீசையின் ஒரு நுனி தென்காசியிலும் மறுநுனி தூத்துக்குடியிலும் இருந்தது.

"முகாம் நடக்குற மண்டபம் அவருதுல்லா அண்ணாச்சி" என்றார் பெருமாள்.

போன வருடப் பேனரிலும் இதே முகம்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் கவுன்சிலருக்கும் கோயில் வழக்கு. வந்தார்கள், பேனரைப் பார்த்தார்கள், திரும்பிவிட்டார்கள். கண்புரை முற்றிய கிழவிகள்கூட அந்த முகத்தை மட்டும் ஒரு மைல் தள்ளியே கண்டுகொண்டார்கள்.

டாக்டர்கள் பொழுது சாயும்வரை ஈ ஓட்டினார்கள். ஈக்கள் எல்லாவற்றுக்கும் பார்வை நன்றாக இருந்தது.

"அதுக்கென்ன, போட்டிரலாம்" என்றார் அவர்.

பெருமாளுக்குத் துணுக்கென்றது. ஒரு கமாவை நகர்த்தச் சொன்னாலே உலகப் போர் தொடுக்கிற ஆள் இவர்.

இடது ஓரத்தில் முகம் ஏறியது. கன்னத்துக்கு இலவசமாக ரோஜா நிறம்.

பெருமாள் கிட்டே போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

குறை எதுவும் அகப்படவில்லை. அதுதான் உறுத்தியது.

கோப்பு அச்சகத்துக்குப் போனது. பத்தடி அகலம்.

பெருமாள் படியிறங்கியதும் அவர் தச்சர் சேசுராஜை அழைத்தார். மரச்சட்டத்துக்கு அளவு சொன்னார்.

எட்டடி.

மறுநாள் காலை, முகாம் தொடங்குமுன், மண்டப வாசலில் சேசுராஜ் பேனரைக் கவிழ்த்து விரித்தார். மேலே சட்டத்தை வைத்தார். மிஞ்சிய ஓரங்களை இழுத்து மடித்தார்.

கவுன்சிலரின் முகம் பேனரின் பின்பக்கத்துக்கு வந்து சிரித்தது.

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

அளவு சொன்ன அவர் வானத்தைப் பார்த்தார். மேகங்களில் ஏதோ அவசர வேலை இருந்ததுபோல.

பெருமாள் அவரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு வாய்க்கால் பாலத்தைப் பார்த்தார். ஒரு கிழவி கைத்தடியால் தரையைத் தடவிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"அந்த மீசைல இன்னொரு ஆணி அடி, சேசு" என்றார் பெருமாள். "காத்துல பிரிஞ்சிரப் போவுது."