பஸ் இருபது நிமிடம் நிற்கும்

"என்ன டிரைவரே, இன்னைக்கும் வீட்டுச் சோறுதானா? எங்க சாப்பாட்டுல வெஷமா வெச்சிருக்கோம்?"

கல்லாவிலிருந்து கொழுந்தன் கத்தியது சமையலறை வரை கேட்டது. புது டிரைவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தான்.

புகை அப்பிய ஜன்னல் கம்பி வழியாக அவள் அவனையே பார்த்தாள். இந்தச் சாலையில் ஓசிச் சாப்பாடு வாங்காத ஒரே டிரைவர் அவன்தான்.

பஸ்ஸை இங்கே நிறுத்தினால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு இலவசம். தனி அறை, தனி மேஜை, கேட்காமலே முட்டை. அந்த ஏற்பாட்டில்தான் நாற்பது வருஷமாக ஓட்டல் ஓடுகிறது. அந்த ஏற்பாட்டில்தான் அவளும் மாட்டிக் கிடந்தாள்.

புருஷன் செத்த இந்த ஆறு வருஷத்தில் இரண்டு தடவை அக்கா ஊருக்குக் கிளம்பிப் பார்த்தாள். முதல் தடவை டிரைவர் இரண்டு கிலோமீட்டர் போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். "இவங்க சோத்தைத் தின்னுட்டு இவங்களுக்கே துரோகம் பண்ணச் சொல்றியாம்மா?" என்றான்.

அந்தச் சோற்றை ஆக்கியவள் அவள்.

இரண்டாம் தடவை இன்னொரு டிரைவர் பஸ் படியில் கால் வைக்கவே விடவில்லை. அன்று அந்த டிரைவரின் தட்டில் மூன்று முட்டை.

கொழுந்தன் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அண்ணி, நீங்க போயிட்டா இந்த அடுப்பை யாரு பாப்பா? மாடி ரூமுக்கு விரிப்பு யாரு துவைப்பா? இது உங்க ஓட்டல்" என்று சிரித்தான். அவள் ஓட்டல்தான். வாசலைத் தாண்டத்தான் முடியாது.

மாடியில் நாலு அறை. தங்க வருகிறவர்களை எல்லாம் சுவரில் மாட்டிய படத்தின் முன்னால் நிறுத்தி அவன் கதை சொல்வான்.

"எங்கப்பா பஸ் டிரைவர் சார். டயர் வெடிச்சு அவர் வண்டி நின்ன எடம் இது. மறுமாசமே அம்மாவைக் கூட்டிட்டு வந்து அடுப்பு மூட்ட வெச்சிட்டாரு!"

படத்தில் காக்கிச் சட்டையில் மாமனார், கையில் டிபன் டப்பா. பக்கத்தில் மாமியார், கேமராவைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது டிரைவர் டப்பா கழுவப் பின்வாசலுக்கு வருவான். வரும்போதெல்லாம் இரண்டு வார்த்தை கேட்பான்.

"நூத்தம்பது பேருக்கும் ஒத்தை ஆளாவா தங்கச்சி ஆக்கிப் போடுறீங்க?"

"வேற யாரு இருக்கா?"

"காலைல எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?"

"நாலு."

"கை விட்டுப் போயிடாதா?"

அவள் கையில் ருசி இருக்கிறது என்று ஆயிரம் பேர் சொல்லியிருக்கிறார்கள். வலிக்கிறதா என்று ஒருத்தர் கேட்டதில்லை.

போன வாரம் அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்க அக்கா என் வண்டிலதான் போகும் வரும். எப்படியாவது உங்களைக் கூட்டிட்டு வாங்கன்னு அழுவுது. செவ்வாக்கிழமை வண்டியை இந்தப் பின்வாசலை ஒட்டி நிறுத்துறேன். என் கதவு வழியா ஏறிருங்க."

"கண்டக்டர்?"

"என் மச்சான்தான். முட்டை திங்க மட்டும்தான் வாயத் தொறப்பான்."

இன்று செவ்வாய்.

"அண்ணி, கண்டக்டருக்கு இன்னும் ரெண்டு முட்டை!"

முட்டையை வைத்தாள். குழம்பு அடுப்பைத் தணித்தாள்; ஓடிப் போகிற நேரத்திலும் கருக விட மனசு வரவில்லை. இரண்டு சேலையைச் சுருட்டி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு பின்வாசலைத் தாண்டினாள்.

"குனிஞ்சுக்கங்க."

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரையில் ஒடுங்கினாள். வண்டி நகர்ந்தது. "அண்ணி!" என்று ஒரு குரல் கேட்டது போலிருந்தது. நிஜமா, பயமா என்று தெரியவில்லை.

ஒரு கிலோமீட்டர் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. வண்டி திரும்பவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, அக்கா ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், புது பைபாஸ் திரும்பும் இடத்தில் பஸ் ஓரம் கட்டியது.

"இறங்குங்க தங்கச்சி. அக்கா நிக்குது பாருங்க."

அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ரோட்டிலேயே நின்று அழுதார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அக்காவுக்குப் பின்னால் இருந்த கட்டடம் தெரிந்தது. சுண்ணாம்பு இன்னும் காயாத சுவர். உள்ளே வரிசையாகப் புது பெஞ்சு. மாடியில் நாலு ஜன்னல்.

டிபன் டப்பாவைக் கையில் பிடித்தபடி டிரைவர் இறங்கி வந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்றான்.

அக்கா அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

"உள்ள வாடி. அடுப்பு மூணு நாளா உனக்காகத்தான் காத்துக் கெடக்கு."