பனியன் கம்பெனிக்கு லீவு

பொருளாதார மந்தத்தில் திருப்பூரின் பனியன் கம்பெனிகள் வரிசையாக மூடியபோது, 'பனியன் கம்பெனி' என்ற வீடியோ கேம் மட்டும் கொடிகட்டிப் பறந்தது. வேலை போனவர்கள் காசு கட்டி, கேம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதற்குள் போய்த் தைத்தார்கள். வருடம் முழுக்க மூடாத அந்த கேம் ஆபீஸில் வேலை பார்த்த செண்பகவல்லிக்கு, நம்மை எந்த மந்தமும் அசைக்காது என்று ஒரே பெருமை.

அன்று காலை பார்த்தால், திரையில் ஓர் ஆள்கூட இல்லை!

"போச்சு, நம்ம கதையும் முடிஞ்சுது" என்று பதறியவள், ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு, தினமும் விளையாட வரும் நாச்சம்மாளின் வீட்டுக்கே போய் நின்றாள். அங்கே சாமி படத்துக்கு முன்னால், சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்திப் பூ சூடி உட்கார்ந்திருந்தது கேம் கண்ணாடி.

"ஆயுதபூசையன்னிக்கு மிசினத் தொடுவாங்களாங்க?" என்று சிரித்தாள் நாச்சம்மாள். "நாளைக்குக் காலைல எல்லாரும் டான்னு வந்துருவோமுங்க."

செண்பகவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துள்ளிக் குதித்துப் படியிறங்கியவளை நாச்சம்மாள் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"ஏனுங்க, பழைய கம்பெனில இன்னிக்கு ஆளுக்கொரு பை பொரி குடுப்பாங்க. நம்ம கம்பெனில எப்பங்க?"