வட்டைக் காவல்

"டாக்குத்தர் என்ன சொன்னவர் புள்ள?" உன்னிச்சையிலிருந்து வந்திறங்கிய மாமியார் நேசம்மா, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்.

"சூலகத்தில முட்டை குறைவாம் மாமி. உடம்புக்குக் காவலா நிக்கிற வெள்ளணுக்களே சூலகத்தைத் தாக்குதோ எண்டு பாக்கோணுமாம். மருந்து செய்து பாப்பம் எண்டவர்" என்றாள் கம்சாயினி.

"வயல் வட்டைக்குக் காவல் வச்சவனே வேளாண்மையை வெட்டின கதையா இரிக்கு!" நேசம்மா மகன் பக்கம் திரும்பினாள். "இன்னும் எத்தின வருசம் மனே பாத்துக்கொண்டு இரிக்கப் போறாய்? உனக்கு வேற இடத்தில பொண்ணு பாக்கிறன்."

கம்சாயினி கணவனைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அம்மா சொல்றதிலயும் ஞாயம் இரிக்குதானே" என்றான் சுதாகரன், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் அறைக்குள் போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

"தன்னாமுனைக்குத் தாய்ட்டப் போகப்போறாள். நீ தடுக்காத மனே" என்று கிசுகிசுத்தாள் நேசம்மா.

கம்சாயினி பெரிய பையொன்றைத் தூக்கி வந்து சுதாகரனின் காலடியில் வைத்தாள்.

"சாரம், சேட்டு, சவரக்கத்தி எல்லாம் வச்சிரிக்கன். பின்னேர பஸ்ஸுக்கு அம்மாவோட போங்க."

சுதாகரன் துள்ளி எழும்பினான். "என்ன கதை கதைக்கிறாய் நீ?"

"இது என்ட அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. உடம்புக்குள்ள தாக்குற காவலை டாக்குத்தர் பாக்கட்டும். வீட்டுக்குள்ள தாக்கின காவலை நான் அனுப்பிட்டன்."