ஒரு பேர் மட்டும் வேண்டாம்

“பழைய கம்ப்யூட்டர்ல இருக்கிற மெயில், நம்பர் எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திடும்மா. என் தங்கச்சி பேர் மட்டும் வேண்டாம்” என்றாள் தையல்கடைக்காரி.

“ஏங்க்கா?” என்றாள் மாற்றித் தர வந்த பெண்.

“சண்டையை ஆரம்பிச்சது நான்தான், ஒத்துக்கறேன். அதுக்காக ரோஷத்தை எல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டு, மன்னிச்சுக்கோன்னு பக்கம் பக்கமா மெயில் எழுதினேன். சின்ன வயசு போட்டோ இருபது வேற சேர்த்தேன். நாலு வருஷமாச்சு, ஒரு வரி பதில் இல்லை. அவ்வளவு திமிர்!”

அந்தப் பெண் பழைய திரையையே உற்றுப் பார்த்தாள்.

“அக்கா, அந்த மெயில் போகவே இல்லை. போட்டோ எல்லாம் ரொம்பப் பெரிசு. அவுட்பாக்ஸ்லயே நிக்குது.”

தையல்கடைக்காரி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“போட்டோவைச் சின்னதாக்கி இப்ப அனுப்பட்டுமா?”

தையல்கடைக்காரி தலையாட்டினாள்.

மெயில் போன ஐந்தாவது நிமிடம், புதுக் கம்ப்யூட்டருக்கு முதல் மெயில் வந்தது. ஒரே வரி.

‘மன்னிப்புக் கேக்க இவ்வளவு லேட்டாக்கா?’

“பாரு, இப்பவும் திமிரைப் பாரு!” என்றாள் தையல்கடைக்காரி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “முதல்ல அவ பேரை ஏத்தும்மா.”